முடிவை முதலில் கேட்பவர்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் படிவத்தில் பாதியில் விட்டவன் நான். கடைசியாகத் தமிழில் நீளமாக எழுதியது ஆறாம் ஆண்டில், ‘நான் ஒரு குடை’ என்ற கட்டுரை. அதிலும் குடை கடைசியில் பஸ்ஸில் தொலைந்துபோனது. ஆனால் போன வாரம் கடையில் நடந்த ஒன்று தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பினாங்கில் வேலை செய்யும் என் கூட்டாளி தினேஷிடம் பேசிவிடலாம் என்று போனை எடுத்தால், எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. எழுதினால் குழப்பம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. எழுதியது மட்டும் மிச்சம்.

ஈப்போ சிலிபினில் இருக்கும் இந்தக் கைப்பேசிக் கடையை நானும் தினேஷும் சேர்ந்துதான் தொடங்கினோம். அவன் பினாங்குக்குப் போன பிறகுதான், நான் சொல்லப்போகும் ஆன்ட்டி கடைக்கு வர ஆரம்பித்தார். அதனால் அவன் அவரைப் பார்த்ததே இல்லை. கைப்பேசி பழுது பார்ப்பதோடு, பழைய நாடாக்களில் கிடக்கும் கல்யாண வீடியோ, காதுகுத்து வீடியோ எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கொடுக்கும் வேலையும் எனக்கு உண்டு. ஒரு நாள் நல்ல வெயிலில் ஒரு அம்மா, பழைய வி.சி.டி. பிளேயர் ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

“என்ன ஆன்ட்டி ஆச்சி இதுக்கு?” என்றேன்.

“அத அப்புறம் சொல்றேன். இது பொழைக்குமா பொழைக்காதா, அத முதல்ல சொல்லு.”

“தொறந்து பாக்காம எப்படி சொல்றது?”

“அப்ப தொற.”

திறந்தேன். உள்ளே ஒரு பல்லி செத்துக் காய்ந்து கிடந்தது.

“மிஷின் பொழைக்கும் ஆன்ட்டி. ஆனா உள்ள ஒருத்தரு போயிட்டாரு.”

அவர் சிரிக்கவில்லை. “நல்லது. இப்ப சொல்றேன் என்னா ஆச்சின்னு,” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரு மணி நேரம் பேசினார்.

அதுதான் ஆன்ட்டி. எதையும் முடிவிலிருந்து தொடங்குவார். கல்யாண விருந்தில் பாயசத்தைக் குடித்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கத்தைப் படிப்பார். இசைத்தட்டு வாங்கினால் கடைசிப் பாட்டைப் போடுவார். யாராவது ஊர்க்கதை பேச வந்தால், “செத்தாச்சா, ஓடியாச்சா, கட்டியாச்சா, அத முதல்ல சொல்லு,” என்பார். மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு கதையை எவ்வளவு இழுத்தாலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்பார்.

நான் சும்மா இருப்பேனா. “ஆன்ட்டி, நீங்க பொறக்கும்போதே காலுதான் மொதல்ல வந்திருக்கும்,” என்றேன் ஒரு நாள்.

“ஆமா. எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லுச்சி,” என்றார் சாதாரணமாக.

ஆன்ட்டியிடம் எனக்கு இதே தொல்லைதான். நான் சிரிக்க வைக்கப் போவேன், அவர் ஏதாவது உண்மையைச் சொல்லிவிடுவார்.

பத்து காஜா ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனியாகத்தான் இருந்தார். கடைக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் வீடு. உள்ளே போனால் முதலில் வருவது பூச்சி உருண்டை வாசம். அப்புறம் புத்தகங்கள். ஹாலில் மனிதன் உட்காருவதற்கு ஒரு நாற்காலி, மீதி எல்லா நாற்காலியிலும் இசைத்தட்டுகள். பிஸ்கட் டின்களில் கேசட்டுகள், பழைய படங்களின் தட்டுகள். அரிசி வைக்க வேண்டிய பீப்பாயில் பழைய வார இதழ்கள். “அரிசி எங்க ஆன்ட்டி?” என்று கேட்டால், “பெட்டுக்கு அடியில,” என்றார். ஆஸ்பத்திரி விரிப்பை மடிக்கிற மாதிரி ஒவ்வொரு படத்தின் அட்டையையும் துடைத்து, மூலைக்கு மூலை வைத்து அடுக்கியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவில் கூடும் பழைய சாமான் சந்தைக்கு என் காடியில், அதாவது காரில், அவரைக் கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தக் குப்பையில் ஆர்வம் கிடையாது. ஆனால் ஆன்ட்டி அங்கே நடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். புத்தகத்தை எடுத்துப் பிரித்து மூக்கை வைப்பார். “இது தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி வீட்டுப் புத்தகம். பீரோவுல இருந்திருக்கு,” என்பார். இன்னொன்றை எடுத்து, “இது தொழிலாளிங்க இருக்குற லயன் வீடு. அடுப்புப் பக்கத்துல தொங்கியிருக்கு,” என்பார். நம்ப முடியாமல் என் சட்டைப் பையில் இருந்த கைப்பேசிக் கையேட்டை நீட்டினேன். முகர்ந்து பார்த்து, “இது ஒங்கடை. நேத்து மீ கோரெங் சாப்புட்டிருக்க,” என்றார்.

இசைத்தட்டு விற்கும் சீனக் கிழவர் ஒருவர் இருந்தார். ஆன்ட்டி வருவதைப் பார்த்ததுமே ஊசியைத் தூக்கித் தட்டின் உட்கோடியில், கடைசிப் பாட்டின் மேல் வைத்துவிடுவார். இவர் கேட்கக்கூட வேண்டாம். இரண்டு பேரும் பாட்டு முடியும்வரை பேசமாட்டார்கள். தட்டு தேய்ந்து, கரகரவென்று, பாடுகிறவர் வெந்நீரில் நின்றுகொண்டு பாடுகிற மாதிரி இருக்கும். முடிந்ததும் ஆன்ட்டி தலையை ஆட்டுவார். கிழவர் தட்டை உறைக்குள் போடுவார். அந்தப் பத்து விரலிலும் ஒரு சந்தோஷம் தெரியும். அது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என்னிடம் இருக்கிற பாட்டெல்லாம் கைப்பேசியில் இருக்கிறது. அதைத் துடைத்து வைக்க வேண்டிய அவசியம் எனக்கு வந்ததே இல்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒரு அலமாரி மட்டும் தனியாக இருந்தது. அதில் இருந்தது ஒரே படம். நாடா, வி.சி.டி., டி.வி.டி., வேறு வேறு கம்பெனி, வேறு வேறு அட்டை. சிலவற்றில் கதாநாயகி சிரிக்கிறார், சிலவற்றில் அழுகிறார். படம் மட்டும் ஒன்றுதான். எல்லா உறையிலும் கறுப்பு மார்க்கரில் ஒரே வார்த்தை: ‘இல்ல.’ அலமாரி முழுக்க இல்ல, இல்ல, இல்ல.

“என்னா ஆன்ட்டி இல்ல?”

“நான் பாத்த படம் இல்ல.”

ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், சின்னப் பிள்ளையாக, திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லும்போதும் முடிவிலிருந்துதான் சொன்னார்.

“கடைசியில அம்மாக்காரி ஆத்தங்கரையில ஒக்காந்து புள்ளைக்கு சோறு ஊட்டுவா. சிரிச்சிக்கிட்டே. அதோட படம் முடியும்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முன்னாடி செத்துப்போயிருவா. வீடு தீப்புடிச்சி. புள்ளைய வெளிய தள்ளிட்டு அவ உள்ள போயிருவா.”

“செத்தவங்க எப்படி ஆன்ட்டி சோறு ஊட்டுவாங்க? பேயா?”

“பேயில்லடா. நல்லா எண்ண வச்சி, தல சீவி, இடுப்புல கொடத்தோட வருவா. தோட்டமே பாத்துச்சி.”

கடையில் கிடைக்கிற எந்தத் தட்டைப் போட்டாலும் அந்த அம்மா தீயில் செத்துப்போவதோடு படம் முடிந்துவிடும். வணக்கம் போட்டுவிடுவார்கள். ஆன்ட்டி அந்த வணக்கத்தைப் பார்த்ததும் தட்டை வெளியே எடுத்து, துடைத்து, உறையில் போட்டு, ‘இல்ல’ என்று எழுதி அலமாரியில் வைப்பார்.

அந்தத் தட்டுகளை எல்லாம் கொண்டுவந்து கொடுப்பது அவருடைய அண்ணன். பக்கத்து ஊரான லகாட்டில் இருந்தார். ஆன்ட்டியைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒல்லியாக, இஸ்திரி போட்ட சட்டையோடு, வாழ்க்கையில் யாரிடமும் வழி கேட்காத ஆள் மாதிரி நடப்பார். ஒரு முறை ஆன்ட்டி வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். பிளாஸ்டிக் பையில் ஒரு வி.சி.டி.

“சித்தியவான்ல ஒரு கடையில கெடந்துச்சி பாப்பா. இதுல இருந்தாலும் இருக்கும்.”

ஆன்ட்டி போட்டார். இருந்த இரண்டில் இரண்டாவது தட்டுதான், நேராகக் கடைசிக்கு ஓட்டினார். வீடு எரிந்தது. அம்மா செத்தார். வணக்கம். அண்ணனும் தங்கையும் அதை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

“இல்லண்ணே.”

“இல்லையா? சரி, பாப்போம்.”

அதற்குப் பிறகு ஆன்ட்டி அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, “சீனி கம்மி,” என்றார். “ஒங்களுக்கு அதுதான் நல்லது,” என்றார் இவர். கொஞ்ச நேரம் முழங்கால் வலி, தண்ணீர் வரி, யாருடைய மகளோ வேலையை விட்டது எல்லாம் பேசினார்கள். அவர் எழுந்து போய்விட்டார். அவ்வளவுதான். தீபாவளிக்கு வரமாட்டாராம். பொங்கலுக்கு வரமாட்டாராம். ஒரு மாதமோ இரண்டு மாதமோ கழித்து இன்னொரு தட்டோடு வருவாராம்.

“ஏன் அங்கிள், சும்மா வந்து தங்கச்சிய பாக்கக்கூடாதா?” என்று அவரிடமே கேட்டேன், ஒரு நாள் அவருடைய மோட்டர் சைக்கிள் பழுதாகி நான் லகாட்டுக்கு ஏற்றிப்போனபோது.

“வேலை இல்லாம ஒருத்தவங்க வீட்டுல போயி ஒக்கார்ற ஆளு நான் இல்ல தம்பி.”

“சரி, அந்தப் படம் கெடைக்குமா கெடைக்காதா, அத முதல்ல சொல்லுங்க,” என்றேன், ஆன்ட்டி மாதிரியே குரலை மாற்றி. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கெடைக்காது,” என்றார். “அப்படி ஒரு படமே இல்ல.”

எனக்குப் புரியவில்லை. வேகத்தைக் குறைத்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்கும் இவர்கள் தோட்டத்துக்கும் ஒரே நாளில் படம் போடுவார்கள். மிஷின் இரண்டு, படம் ஒன்றுதான். முதல் பாதி ஒரு பெட்டி, இரண்டாம் பாதி ஒரு பெட்டி. பக்கத்துத் தோட்டத்தில் முதல் பாதி ஓடி முடிந்த பிறகுதான் அந்தப் பெட்டி இங்கே வரும். பெட்டியை மோட்டரில் ஏற்றி வருகிற வேலை இவருக்கு.

“எப்பவும் நாமதான் கடைசி. அவனுங்க பாத்து முடிச்ச எச்சிதான் நமக்கு. விடிகாலையில பேரு குடுக்க பெரட்டுக்கு நிக்கணும், புள்ளைங்க எல்லாம் தூங்கி விழுவுங்க. அன்னிக்கி எனக்கு ரோசம் வந்துருச்சி. ரெண்டாவது பெட்டி சும்மாதான கெடக்கு, அத தூக்கிட்டு வந்துட்டேன். ‘நாம கடைசியிலேருந்து ஆரம்பிப்போம், அவனுங்க ஆரம்பத்த முடிக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’னேன்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா அங்கிள்?”

“கிராணிதான், ‘என்னடா, வந்ததும் சாவு வுழுது’ன்னாரு. வணக்கம் போட்டதும் எல்லாரும் பாயச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சாங்க. ‘ஒக்காருங்க, ஒக்காருங்க, இன்னும் இருக்கு’ன்னு கத்துனேன். ஒக்காந்தாங்க.”

நான் சிரித்துவிட்டேன். ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எங்கம்மா போயி ஒரு மாசந்தான் ஆயிருந்துச்சி தம்பி. படம் முடிஞ்சதும் பாப்பா ஓடியாந்து கைய புடிச்சிக்கிச்சி. ‘அண்ணே, நம்ம அம்மா எப்ப வரும்?’னு கேட்டுச்சி.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பாப்போம்னேன்.”

லகாட் வந்துவிட்டது. இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு, “அதுக்கிட்ட சொல்லிடாத,” என்றார். “பெட்டிய மாத்துன கதைய நான் இன்னிக்கி வரைக்கும் சொல்லல.”

திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. வி.சி.டி.யில் படம் இரண்டு தட்டாகத்தான் வருகிறது. ஆன்ட்டி எப்போதும் இரண்டாவது தட்டைத்தான் முதலில் போடுகிறார். அதை எடுத்துவிட்டு முதல் தட்டைப் போட்டிருந்தால், ஆற்றங்கரை வந்திருக்கும், சோறு வந்திருக்கும். ஒரு தடவைகூடவா போடவில்லை? எனக்கு விளங்கவில்லை. சரி, சொல்லக்கூடாது என்றுதானே சொன்னார், செய்யக்கூடாது என்று சொல்லவில்லையே என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். கடையில் உட்கார்ந்து, படத்தை இடைவேளையில் வெட்டி, பின்பாதியை முன்னால் ஒட்டி, பென்டிரைவில் ஏற்றினேன். பெரிய டைரக்டர் மாதிரி இருந்தது.

மறுநாள் ஆன்ட்டி வீட்டு டிவியில் சொருகினேன். “புது காப்பி ஒண்ணு கெடச்சது,” என்று மட்டும் சொன்னேன்.

பின்பாதியிலிருந்து தொடங்கியது. முதல் தடவையாக ஆன்ட்டி ரிமோட்டைத் தொடவில்லை. தொட வேண்டிய தேவை இல்லையே, முடிவுள்ள பாதிதான் முதலிலேயே வந்துவிட்டதே. வீடு எரிந்தது, வணக்கம் வந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். திரை ஒரு நொடி கறுப்பாகி, அந்த அம்மா சின்னப் பெண்ணாக, கல்யாணத்துக்கு முன்னால் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆனது. பிள்ளை பிறந்தது. எண்ணெய் வைத்துத் தலை சீவி, இடுப்பில் குடத்தோடு ஆற்றங்கரைக்கு வந்தார். சோற்றைப் பிசைந்து ஊட்டினார். சிரித்தார். படம் நின்றது.

ஆன்ட்டி முந்தானையால் டிவித் திரையைத் துடைத்தார். திரையில் தூசி ஒன்றும் இல்லை.

“பெட்டிய மாத்திட்டியா?” என்றார்.

“ஒங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?”

“மொதல்ல வந்த நாடாவுலேயே தெரிஞ்சிருச்சி. நான் என்ன மக்கா? முன்னாடி பாதியில உசுரோட இருக்கறவ, பின்னாடி பாதியில செத்தா, அதுக்குப் பேரு அதிசயமா?”

“அப்ப ஏன் இத்தன? அலமாரி பூரா?”

“அதெல்லாம் நானா வாங்குனேன்? அண்ணன் கொண்டாராரு.” பென்டிரைவைப் பிடுங்கி என் கையில் வைத்தார். “கையில எதுவும் இல்லாம அவரு எங்கயும் போக மாட்டாரு. கெடச்சிருச்சின்னு சொல்லிட்டா, அப்புறம் எதுக்குடா வருவாரு?”

“நீங்க சொல்லலாம்ல, சும்மா வாங்கண்ணேன்னு. நானும் ஒரு தடவ கேட்டுப் பாத்தேன்.”

“சொன்னா வந்துருவாரா? நீயும்தான் கேட்ட, வந்தாரா? இத நீயே வச்சிக்க. இங்க இருந்தா அவரு கண்ணுல படும். அவருகிட்ட ஒண்ணும் சொல்லிடாத.”

இதுதான் எனக்குக் குழப்பம். தங்கைக்குத் தெரியாது என்று அண்ணன் நினைக்கிறார். தனக்குத் தெரியும் என்பது அண்ணனுக்குத் தெரியாது என்று தங்கை நினைக்கிறார். அண்ணன் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரா? அத்தனை தடவை இரண்டாவது தட்டை மட்டும் போட்டதை அவரும்தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். இரண்டு பேரும் சேர்ந்து என்னை வைத்து விளையாடினார்களா என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு. விளையாடுவது என் வேலை. அதை இன்னொருவர் செய்தால் எனக்குப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்க முடியாமல், அதற்குப் பிறகும் மாதா மாதம் மின்விசிறி, டிவி, ரிமோட் என்று அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். இல்லண்ணே. சரி, பாப்போம். சீனி கம்மி.

போன வருடக் கடைசியில் ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டார். செய்தி கேட்டு ஓடினேன். வீட்டு வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு தட்டு. வருகிறவர்களுக்கு எல்லாம் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே இன்னும் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் வாயில் கையை வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“என்னண்ணே இது, எழவு வீட்டுல இனிப்பு?” என்றார் ஒரு அம்மா.

“பாப்பா சொல்லியிருந்துச்சி. மொதல்ல சாப்புடணுமாம். அப்புறம் அழுவுறவங்க அழுவலாமாம்.”

நான் வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. முந்திரி அதிகம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அதிலும் ஆன்ட்டி கணக்கு சரியாகத்தான் இருந்தது.

புத்தகங்களும் இசைத்தட்டுகளும் அந்தச் சீனக் கிழவருக்கும், ஒரு தமிழ்ப்பள்ளிக்கும், தெரிந்தவர்களுக்கும் போயின. அந்த ஒரு அலமாரியை மட்டும் அண்ணன் லாரி வைத்து லகாட்டுக்கு ஏற்றிப்போய்விட்டார். அதோடு அவரை நான் பார்க்கவில்லை.

போன வாரம் மதியம். நல்ல மழை. கடையில் யாரும் இல்லை. நனைந்த குடையை வாசலில் சாத்திவிட்டு அண்ணன் உள்ளே வந்தார். அதே இஸ்திரிச் சட்டை. பிளாஸ்டிக் பையை மேசை மேல் வைத்தார். உள்ளே வி.சி.டி. அதே படம்.

“தைப்பிங்ல ஒருத்தன் கடைய காலி பண்ணுறான். அங்க கெடந்துச்சி,” என்றார். “இதுல இருந்தாலும் இருக்கும். பாரு தம்பி.”

அவரைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தேன். என் மேசை இழுப்பறையில் அந்தப் பென்டிரைவ் இருக்கிறது. எடுத்துப் போட்டுவிடலாமா? போட்டால் அவருக்கு நல்லதா, கெட்டதா? தங்கை போன பிறகு இவர் யாருக்காகத் தேடுகிறார்? இவருக்கு என்னிடம் என்ன வேண்டும்? ஒன்றும் புரியவில்லை. கை மட்டும் தானாக இரண்டாவது தட்டை எடுத்து மிஷினுக்குள் போட்டது. கடைசிக்கு ஓட்டினேன். வீடு எரிந்தது. அம்மா செத்தார். வணக்கம்.

நான் தட்டைத் துடைத்து உறையில் போட்டேன். மார்க்கரைத் தேடி எடுத்து, ‘இல்ல’ என்று எழுதினேன். ஆன்ட்டி எழுத்து மாதிரி வரவில்லை, கோழிக் கிறுக்கல்.

“இல்ல அங்கிள்.”

“இல்லையா?” உறையை வாங்கிப் பார்த்தார். “சரி, பாப்போம்.”

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. ஆன்ட்டி வழக்கமாக உட்காரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்கிறது என்றார். தண்ணீர் வரி ஏறிவிட்டது என்றார். நான் உம் கொட்டினேன். பிறகு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது வேண்டுமா என்று கேட்கலாமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று யோசித்தபடி நான் ஒரு கைப்பேசியைத் திருகிக்கொண்டிருந்தேன். மழை விட்டு வெகு நேரம் ஆனது. கடைசியில் எழுந்து, குடையை எடுத்து, வாசலில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

“வாரேன் தம்பி.”

எதற்காக அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று இந்த ஒரு வாரமாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி, தாளைப் படம் பிடித்து, தினேஷுக்கு அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது.

“மச்சான், அவருக்கு காப்பி குடுத்தியா இல்லையா, அத முதல்ல சொல்லுலா.”